காற்றைத் திணித்தால் மட்டும் போதாது!

இரண்டு கார்கள்.

இரண்டும் ஜெர்மன் கம்பெனிகள் செய்தவை. ஒன்று 1973-ம் ஆண்டில் உலகத்துக்குக் காட்டப்பட்டது. இன்னொன்று 2019-ம் ஆண்டில் வந்தது.

முதல் காரின் என்ஜின் அளவு 1,990 சி.சி. இரண்டாவது காரின் என்ஜின் அளவு 1,991 சி.சி. வித்தியாசம் ஒரே ஒரு சி.சி.! கால் ஸ்பூன் தண்ணீர்கூட இல்லை.

இரண்டிலும் 4 சிலிண்டர்கள். இரண்டும் பெட்ரோல் குடிப்பவை. இரண்டிலும் "டர்போ" என்ற காற்றுத் துருத்தி ஒன்று இருக்கிறது.

ஆனால் முதல் காரின் சக்தி 170 குதிரை. இரண்டாவது காரின் சக்தி 421 குதிரை!

ஒரே அளவுப் பானைகள் இரண்டு. ஒன்றில் இரண்டு பேருக்குச் சோறு வேகிறது. மற்றதில் ஐந்து பேருக்குச் சோறு வேகிறது. இது எப்படி?

"இரண்டாவது காரில் டர்போ பலமாக ஊதுகிறது" என்று சிலர் சட்டென்று பதில் சொல்வார்கள். அது பாதி உண்மை. மீதி உண்மை என்ஜினின் அமைப்பில் இருக்கிறது.

அந்த மீதியை மறந்தவர்கள் பணத்தை இழந்தார்கள். பெயரையும் இழந்தார்கள். "கொஞ்சம் பணம் கொடுத்தால் காரின் சக்தியைக் கூட்டித் தருகிறோம்" என்ற பேச்சு இன்று நம் ஊர்களிலும் கேட்கிறது. அந்தப் பேச்சில் மயங்கும் இளைஞர்கள் இந்தக் கதையை அறிய வேண்டும். அவர்களைப் பெற்றவர்களும் அறிய வேண்டும்.

அடுப்பும் ஊதுகுழலும்

விறகு அடுப்பு மந்தமாக எரிந்தால் வீட்டுப் பெண்கள் என்ன செய்வார்கள்? ஊதுகுழலை எடுத்து ஊதுவார்கள். தீ குப்பென்று பற்றும். விறகு அதேதான். கூடுதலாகப் போனது காற்று.

கார் என்ஜினும் ஓர் அடுப்புதான். சிலிண்டர் என்ற குழாய்க்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து எரிகின்றன. அந்த வேகத்தில் பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. சக்கரம் சுழல்கிறது.

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுவதும் எரிய எவ்வளவு காற்று வேண்டும் தெரியுமா? சுமார் 9,000 லிட்டர்! பெட்ரோலைக் கூட்டுவது எளிது. காற்றைக் கூட்டுவதுதான் கடினம். என்ஜின் தானாக இழுக்கும் காற்றுக்கு ஓர் அளவு உண்டு.

அந்த அளவைத் தாண்ட வழி சொன்னவர், சுவிட்சர்லாந்து நாட்டு என்ஜினீயர் ஆல்ஃபிரட் பியூக்கி. 1905-ம் ஆண்டிலேயே அதற்கு அவர் பதிவுரிமை பெற்றார்.

அவருடைய யோசனை எளிமையானது. என்ஜினில் இருந்து புகை பெரும் வேகத்தோடும் சூட்டோடும் வெளியே போகிறது. பெட்ரோல் தரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிப் புகையோடு வீணாகிறது. அந்தப் புகையின் வழியில் ஒரு சிறு சக்கரத்தை வைத்தால், காற்றாடி போலச் சுழலும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தை வைத்தால், அது வெளிக்காற்றை உறிஞ்சி என்ஜினுக்குள் தள்ளும்.

வீணாகும் புகையே ஊதுகுழல் ஆகிவிட்டது! இதுதான் டர்போ. இதன் சக்கரங்கள் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியவை.

இவ்வளவு நல்ல ஊதுகுழல் கிடைத்தபின் எல்லாக் கார்களுக்கும் மாட்ட வேண்டியதுதானே? மாட்டிப் பார்த்தார்கள். அப்போதுதான் தொல்லை தொடங்கியது.

ஊற்ற மறந்த திரவம்

1962-ம் ஆண்டு. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி, "ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர்" என்ற டர்போ காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூன்றரை லிட்டர் என்ஜின். 215 குதிரைச் சக்தி.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். டர்போ இல்லாத என்ஜின்கூட, எரிப்பதற்கு முன் காற்றையும் பெட்ரோலையும் பிஸ்டனால் அமுக்குகிறது. ஜெட்ஃபயர் என்ஜின் பத்துப் பங்கை ஒரு பங்காக அமுக்கியது. இதற்கு "அமுக்க விகிதம்" என்று பெயர்.

காற்றை அமுக்கினால் அது சூடாகும். சைக்கிளுக்குக் காற்று அடித்தவர்களுக்கு இது தெரியும். பம்பின் அடிப்பாகம் கையைச் சுடும்.

ஜெட்ஃபயரில் டர்போ ஒரு தடவை அமுக்கியது. பிஸ்டன் மறு தடவை அமுக்கியது. இரட்டை அமுக்கம், இரட்டைச் சூடு! அந்தச் சூட்டில், பற்றவைத்த தீ வந்து சேரும் முன்பே மிச்சக் கலவை தானாக வெடிக்கும். பிஸ்டனின் தலையில் சம்மட்டி அடித்தது போல "டங் டங்" என்று சத்தம் வரும். மெக்கானிக்குகள் இதை "நாக்கிங்" என்பார்கள். இது தொடர்ந்தால் பிஸ்டன் ஓட்டையாகும். என்ஜின் அதோடு தீர்ந்தது.

இதைத் தடுக்க அந்தக் கம்பெனி ஒரு உபாயம் செய்தது. தண்ணீரும் மெத்தில் ஆல்கஹாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் வைத்தது. டர்போ வேலை செய்யும்போது அந்தத் திரவம் உள்ளே தெளிக்கப்படும். சூடு தணியும்.

உபாயம் நல்லதுதான். ஆனால் தொட்டியில் திரவத்தை ஊற்ற வேண்டியது யார்? காரின் சொந்தக்காரர். பலர் ஊற்ற மறந்தார்கள். தொட்டி காலியானால் டர்போவின் வேகம் தானாகக் கட்டுப்படும்படி வைத்திருந்தார்கள். "சக்தி உள்ள கார்" என்று வாங்கியவர்களுக்கு சக்தி இல்லாத கார்தான் மிஞ்சியது.

இரண்டு ஆண்டுகளில் சுமார் 9,600 கார்களோடு ஜெட்ஃபயர் நின்றுவிட்டது. பின்னர் பல கார்களில் டர்போவைக் கழற்றிவிட்டு, சாதாரண கார்புரேட்டர் மாட்டிக் கொடுத்தார்கள்.

ஊதுகுழல்மீது குற்றம் இல்லை. ஊதுகுழலுக்கு ஏற்ற அடுப்பாக அது கட்டப்படவில்லை.

கண்ணாடியில் தெரிந்த எழுத்து

இனி, தொடக்கத்தில் சொன்ன முதல் கார். அதன் பெயர் "பி.எம்.டபிள்யூ. 2002 டர்போ". 1973-ம் ஆண்டு செப்டம்பரில் பிராங்பர்ட் கண்காட்சியில் வைத்தார்கள்.

அமெரிக்கர்கள் செய்த தவறை இவர்கள் செய்யவில்லை. அமுக்க விகிதத்தைக் குறைத்தார்கள். அதே அளவுள்ள டர்போ இல்லாத 2002 காரில் அது 9.5 ஆக இருந்தது. டர்போ காரில் 6.9 ஆக்கினார்கள். பிஸ்டன் குறைவாக அமுக்கும். அந்தக் குறையை டர்போ நிரப்பும் என்பது கணக்கு.

கணக்குப் பலித்தது. 130 குதிரை 170 குதிரை ஆயிற்று. கார் மணிக்கு 211 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தது.

ஆனால் ஒன்றைப் பெற ஒன்றை இழக்க வேண்டியிருந்தது. என்ஜின் மெதுவாகச் சுழலும்போது புகையும் குறைவு, டர்போ உறங்கும். அப்போது குறைந்த அமுக்கம் கொண்ட என்ஜின் சோம்பேறியாக நடந்தது. நிமிடத்துக்குச் சுமார் 4,000 சுற்றைத் தொட்டதும் டர்போ விழித்துக்கொள்ளும். உடனே கார் அம்பு போலப் பாயும்!

நேர்ச் சாலையில் இது வேடிக்கை. ஈரமான வளைவில் இது ஆபத்து. ஓட்டுகிறவர் கேட்கும்போது வராத சக்தி, கேட்காதபோது வந்து நின்றால் என்ன ஆகும்?

இதற்கு நடுவே இன்னொரு வினை. காட்சிக்கு வைத்த காரின் முன்புறத்தில் "2002 டர்போ" என்ற எழுத்துகளை இடவலம் மாற்றி எழுதியிருந்தார்கள். முன்னால் போகிறவர் தன் கண்ணாடியில் பார்த்தால் அது நேராகத் தெரியும். "ஒதுங்கு! பின்னால் வருவது யார் என்று பார்!" என்பது அதன் பொருள். மேற்கு ஜெர்மனியில் இதற்குப் பலத்த எதிர்ப்பு கிளம்பியது.

அடுத்த மாதமே எண்ணெய் நெருக்கடி வந்தது. பெட்ரோலைச் சேமிக்க, சில ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே மேற்கு ஜெர்மனி தடை போட்டது. அந்த நேரத்தில் பெட்ரோலைக் குடிக்கும் வேகக் காருக்கு யார் வருவார்கள்? மொத்தம் 1,672 கார்கள். அதோடு அதன் உற்பத்தி முடிந்தது.

சூடு தணிந்தது, சக்தி கூடியது

அடுத்த பாடத்தை போர்ஷே கம்பெனி கற்றுக்கொடுத்தது.

அதன் "911 டர்போ" 1975-ம் ஆண்டில் 260 குதிரைச் சக்தியோடு வந்தது. 1978-ம் ஆண்டுக் காரில் அது 300 குதிரை ஆனது. என்ஜினைக் கொஞ்சம் பெரிதாக்கினார்கள். அதோடு ஒரு புதுச் சாமானையும் சேர்த்தார்கள். அதன் பெயர் "இன்டர்கூலர்".

இதுவும் ஒருவகை ரேடியேட்டர்தான். சாதாரண ரேடியேட்டர் தண்ணீரைக் குளிர வைக்கும். இது, டர்போ அமுக்கிச் சூடாக்கிய காற்றைக் குளிர வைக்கும்.

காற்று குளிர்ந்தால் சுருங்கும். அதே இடத்தில் அதிகக் காற்று அடங்கும். நாக்கிங் பயமும் குறையும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

காது வைத்த என்ஜின்

சுவீடன் நாட்டு சாப் கம்பெனி வேறு வழியில் சிந்தித்தது. 1970-களின் கடைசியில் அது கொண்டுவந்த "99 டர்போ" காரில் சிறிய டர்போவை மாட்டினார்கள். சக்கரம் சிறியது, எடை குறைவு. அதனால் விரைவில் சுழலத் தொடங்கும். அளவு மீறிப் போகாமல், உபரிப் புகையைத் திறந்துவிட ஒரு வால்வும் வைத்தார்கள்.

அதன் சக்தி 145 குதிரைதான். ஆனால் அந்தச் சக்தி கேட்டபோது கிடைத்தது. கடைக்குப் போகவும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகவும் உதவும் டர்போ காராக அது பெயர் எடுத்தது.

பிறகு 1980-களின் தொடக்கத்தில் சாப் ஒரு படி மேலே போனது. என்ஜினுக்கே ஒரு காது வைத்தது! நாக்கிங் சத்தத்தின் முதல் அதிர்வை ஒரு கருவி கேட்கும். உடனே காற்றழுத்தம் தானாகக் குறையும். இந்தக் காவல் இருந்ததால், அமுக்க விகிதத்தை மறுபடியும் உயர்த்த முடிந்தது. டர்போ உறங்கும் நேரத்திலும் என்ஜின் சோம்பேறியாக இல்லை.

பழைய இரும்பின் சாதனை

டர்போவின் உச்சமான ஆட்டம் "பார்முலா ஒன்" பந்தயத்தில் நடந்தது. டர்போ இல்லாத என்ஜின் 3,000 சி.சி. வரை இருக்கலாம், டர்போ உள்ளது 1,500 சி.சி.தான் இருக்கலாம் என்பது அன்றைய விதி.

1977-ம் ஆண்டில் பிரான்சின் ரெனால்ட் கம்பெனி முதலில் துணிந்தது. அதன் மஞ்சள் நிறக் கார் அடிக்கடி புகை கக்கி நின்றது. "மஞ்சள் டீக் கெட்டில்" என்று கேலி செய்தார்கள். ஒரு பெரிய டர்போவுக்குப் பதில் இரண்டு சிறிய டர்போக்களை மாட்டினார்கள். 1979-ம் ஆண்டு தாய்நாட்டுப் பந்தயத்திலேயே ஜெயித்தார்கள். கேலி அடங்கியது.

பி.எம்.டபிள்யூ. செய்தது இன்னும் ஆச்சரியம். பந்தய என்ஜினுக்கு அந்தக் கம்பெனி எடுத்துக்கொண்ட இரும்பு உடல் எது தெரியுமா? குடும்பக் கார்களுக்காக வார்த்ததுதான்! 1962-ம் ஆண்டில் விற்பனைக்கு வந்த 80 குதிரைச் சக்திக் காருக்காக, அலெக்ஸ் ஃபான் பால்கன்ஹவுசன் என்ற என்ஜினீயர் வடிவமைத்த உடல் அது. நன்றாக ஓடிப் பழகிய பழைய உடல்களையும் எடுத்துப் பயன்படுத்தினார்கள். புது வார்ப்பில் இருக்கும் உள்முறுக்கு, ஓடி ஓடித் தளர்ந்திருக்கும் என்பது காரணம்.

உடல்தான் பழையது. மற்றவை எல்லாம் புதியவை. தலைமை என்ஜினீயர் பால் ரோஷே புது வால்வுகள், புது பிஸ்டன்கள், கம்ப்யூட்டர் கட்டுப்பாடு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார்.

எளிதில் வெற்றி வரவில்லை. 1982-ம் ஆண்டு ஜூனில் டெட்ராய்ட் பந்தயத்தில் நெல்சன் பிகேயின் கார் தகுதிச் சுற்றையே தாண்டவில்லை. அடுத்த வாரமே கனடாவில் அதே பிகே முதல் பரிசு வாங்கினார்! மறு ஆண்டு அவர் உலக சாம்பியன். டர்போ காரில் அந்தப் பட்டத்தை வென்ற முதல் மனிதர் அவர்தான்.

1986-ம் ஆண்டில், தகுதிச் சுற்றுகளுக்காக இதே 1,499 சி.சி. என்ஜினில் காற்றழுத்தத்தைத் தாறுமாறாக ஏற்றினார்கள். சக்தியை அளக்கும் கருவி 1,280 குதிரை வரைதான் காட்டும். என்ஜின் அதற்கு மேலும் போய்விட்டது!

ஆனால் அப்படி முடுக்கிய என்ஜின் எத்தனை நாள் உழைத்தது? நாள் கணக்கே இல்லை. சில சுற்றுகள்தான். அதற்குள் அதன் ஆயுள் முடிந்தது.

கடிவாளம் போட்டார்கள்

இப்படியே போனால் ஓட்டுகிறவர்களின் உயிருக்கு ஆபத்து என்று பந்தயக் குழு அஞ்சியது. கடிவாளம் போட்டது.

1984-ம் ஆண்டில், ஒரு பந்தயத்துக்கு 220 லிட்டர் எரிபொருள்தான் என்றது. 1986-ல் அதை 195 லிட்டர் ஆக்கியது. 1987-ல் காற்றழுத்தத்துக்கே எல்லை வைத்தது, 4 பார். ஒரு பார் என்பது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் சாதாரண அழுத்தம். 1988-ல் அதையும் 2.5 பார் ஆக்கியது. எரிபொருள் 150 லிட்டர்தான்.

டர்போ செத்தது என்று பலர் நினைத்தார்கள். நடந்தது என்ன?

அந்த ஆண்டில் 16 பந்தயங்கள். ஹோண்டா டர்போ என்ஜின் பூட்டிய மெக்லாரன் கார்கள் அவற்றில் 15 பந்தயங்களில் வெற்றி பெற்றன! அயர்ட்டன் சென்னாவுக்கு 8. அலென் புரோஸ்ட்டுக்கு 7. அந்த என்ஜினின் சக்தி சுமார் 685 குதிரை. முந்தைய ராட்சத என்ஜின்களில் பாதிதான்.

பெர்ராரி கம்பெனியும் அந்த ஆண்டு டர்போவோடுதான் ஓடியது. அதற்கும் அதே 2.5 பார், அதே 150 லிட்டர். ஆனால் கிடைத்தது ஒரே ஒரு வெற்றி.

ஒரே அளவு காற்று. ஒரே அளவு எண்ணெய். அதில் அதிக வேலை வாங்கத் தெரிந்த என்ஜின் முந்திக்கொண்டது. எல்லை போட்ட பிறகுதான் யாருடைய மூளை பெரியது என்று தெரிந்தது!

1989-ம் ஆண்டில் டர்போவுக்கு முழுத் தடை வந்தது. 2014-ல் எரிபொருளுக்குக் கண்டிப்பான அளவோடு அது திரும்பியது.

421 குதிரை வந்த வழி

இப்போது தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது காருக்கு வரலாம். அதன் பெயர் "மெர்சிடஸ்-ஏ.எம்.ஜி. ஏ 45 எஸ்".

1973-ம் ஆண்டுக் காரில் டர்போ கூடுதலாகத் தந்த அழுத்தம் 0.55 பார். 2019-ம் ஆண்டுக் காரில் 2.1 பார் வரை. வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தால், முதலாவது 1.55, இரண்டாவது 3.1. சரியாக இரண்டு மடங்கு.

ஆனால் சக்தி ஏறக்குறைய இரண்டரை மடங்கு!

இரண்டு மடங்கு காற்றை அந்தப் பழைய என்ஜினில் அப்படியே திணித்திருந்தால் நாக்கிங் வந்து அதை நொறுக்கியிருக்கும். புது என்ஜின் மட்டும் எப்படித் தாங்குகிறது?

முதலாவது, உடல். அலுமினியத்தில் வார்த்த அந்த உடலில், சிலிண்டர்களின் மேல் விளிம்பு சுற்றிலும் மூடிக் கெட்டியாக இருக்கிறது. உள்ளே வெடிக்கும் வேகத்தில் சிலிண்டர் அசையாது.

இரண்டாவது, பெட்ரோல் போகும் வழி. பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சப்படுகிறது. ஈரத் துணி உலரும்போது உடம்பு குளிர்கிறது அல்லவா? அதுபோல, பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே சூடு தணிகிறது. ஜெட்ஃபயர் தனித் தொட்டி வைத்துச் செய்த வேலையின் ஒரு பகுதியை இங்கே பெட்ரோலே செய்கிறது. அதனால் அமுக்க விகிதம் 9 வரை உயர்ந்திருக்கிறது. சக்தி அதிக வேகத்தில் பீய்ச்சினால் போதாது என்று, காற்று வரும் குழாயிலும் பெட்ரோல் தெளிக்க வழி இருக்கிறது.

மூன்றாவது, டர்போவின் தண்டு. அது உருளைத் தாங்கிகள்மேல் சுழல்கிறது. உராய்வு குறைவு. அதனால் சீக்கிரம் விழிக்கிறது. நிமிடத்துக்கு 1,69,000 சுற்று வரை போகிறது.

நான்காவது, காவல். கம்ப்யூட்டர் ஒவ்வொரு நொடியும் என்ஜினைக் கவனித்து, காற்றையும் பெட்ரோலையும் தீப்பொறியின் நேரத்தையும் திருத்திக்கொண்டே இருக்கிறது.

இவை எல்லாம் சேர்ந்ததுதான் 421 குதிரை. காற்றைத் தள்ளியது டர்போ. அந்தக் காற்றைச் சக்தியாக மாற்றியதும் சேதம் இல்லாமல் தாங்கியதும் என்ஜின்.

வீட்டுக் காருக்கு என்ன பாடம்?

இன்று டர்போ பணக்காரர்களின் காரில் மட்டும் இல்லை. நம் நாட்டில் 1,200 சி.சி.க்கு உட்பட்ட சிறிய பெட்ரோல் கார்களுக்கு வரி குறைவு. அதனால் 1,000 சி.சி. அளவிலேயே 100, 120 குதிரைச் சக்தி தரும் டர்போ என்ஜின்கள் வந்துவிட்டன. நடுத்தரக் குடும்பத்தின் வாசலிலும் அவை நிற்கின்றன.

கம்பெனி வைத்த கம்ப்யூட்டர் கணக்கை அழித்து, வேறு கணக்கு எழுதி, சக்தியைக் கூட்டித் தருகிறவர்களும் வந்துவிட்டார்கள். அவர்கள் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான். காற்றழுத்தத்தை ஏற்றுவது!

பிஸ்டன் பழையதே. உடல் பழையதே. கியர், பிரேக், டயர் எல்லாம் பழையவையே. ஊதுகுழல் மட்டும் பலமாக ஊதுகிறது. 10 ஆண்டு உழைக்க வேண்டிய என்ஜினைப் பந்தய என்ஜின் போல ஓட்டினால், பந்தய என்ஜினின் ஆயுள்தான் அதற்கும் கிடைக்கும். கெட்டுப்போன பிறகு கம்பெனியின் உத்தரவாதமும் கிடைக்காமல் போகலாம். என்ஜின் போனால் பணத்தோடு போகிறது. பழைய பிரேக், புது வேகத்தைத் தாங்காமல் போனால்?

கார் வாங்குகிறவர்கள் குதிரைச் சக்தியின் எண்ணை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது. அந்தச் சக்தி எத்தனை சுற்றில் கிடைக்கிறது, எந்தப் பெட்ரோல் ஊற்ற வேண்டும், பிரேக் எப்படி என்று கேட்க வேண்டும்.

வாங்கிய பிறகு, கம்பெனி சொன்ன எண்ணெயைச் சொன்ன காலத்தில் மாற்ற வேண்டும். லட்சம் சுற்றுச் சுழலும் தண்டைக் காப்பது அந்த எண்ணெய்தான். நீண்ட தூரம் வேகமாக ஓட்டி வந்தால், உடனே என்ஜினை அணைக்காமல் ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிடுவது நல்லது. சிவக்கக் காய்ந்த டர்போ சற்றே ஆறும்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். காற்றும் அப்படித்தான். ஊதுகுழலைப் பெரிதாக்க யாராலும் முடியும். அடுப்பைக் கெட்டியாகக் கட்டுவதற்குத்தான் மூளையும் உழைப்பும் பொறுமையும் வேண்டும். 170 குதிரை 421 ஆவதற்கு என்ஜினீயர்களுக்கு 46 ஆண்டுகள் பிடித்தன. அதை ஒரே மாலையில் செய்து தருவதாக யாராவது சொன்னால், காரின் சாவியைக் கொடுக்காமல் வீடு திரும்புவதே புத்திசாலித்தனம்!